கப்பம் – 9: மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை

இதுவரை: 1989 டிசெம்பரில் தபாலில் வந்த 20,000 ஃபுளொப்பித் தட்டுகளோடு இந்தக் கதை தொடங்கியது. எயிட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று நம்பித் தட்டைக் கணினியில் போட்டவர்களிடம், பனாமாவிலுள்ள ஒரு தபால் பெட்டிக்கு 189 டொலர் அனுப்பும்படி திரை கேட்டது. 2013இல் வந்த கிரிப்டோலொக்கர் என்ற கப்ப மென்பொருள் கோப்புகளைப் பூட்டிவிட்டு, தபால் பெட்டிக்குப் பதிலாக பிட்கொயினில் கப்பம் வாங்கியது. 2017 மே 12இல் வொன்னக்ரை என்ற இன்னொன்று 150 நாடுகளுக்குப் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14இலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் அதைப் போடாதவர்களே மாட்டிக்கொண்டார்கள்.

இந்த வாரம் கதை இலங்கைக்கு வருகிறது.

காற்றுக் கரை

பாலாவிச் சந்தியில் கொழும்பு வீதியை விட்டுக் கற்பிட்டிப் பக்கம் திரும்பினால், ஒரு புறம் களப்பு, மறு புறம் கடல். நுரைச்சோலையை நெருங்கும்போதே காற்றாலைகளின் இறக்கைகள் தெரியத் தொடங்கும். அந்தக் கரைதான் மாம்புரி.

2010இல் இங்கே ஒரு தனியார் காற்றாலை நிலையம் நாட்டின் மின்தொகுதிக்கு மின்சாரம் தரத் தொடங்கியது. அதன் முதற்கட்டம் 10 மெகாவொட். சிறு மின் உற்பத்தியாளர் என்ற வகைக்கு அரசு வகுத்திருந்த உச்ச வரம்பே அவ்வளவுதான். பக்கத்தில் நிற்கும் நுரைச்சோலை அனல் மின் நிலையம் 900 மெகாவொட். பெரியதும் சிறியதும் ஒரே கரையில் நிற்கின்றன.

காற்றாலை என்றால் இறக்கையும் தூணும் மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. இன்றைய காற்றாலைகளை எங்கோ ஓர் அறையிலிருந்து கணினிதான் கவனிக்கிறது. எது சுழல்கிறது, எது நின்றுவிட்டது, எதன் பற்சக்கரப் பெட்டி சூடேறுகிறது என்பதெல்லாம் வலையமைப்பு வழியாகவே தெரியவரும்.

அந்த வலையமைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2022இல் ஐரோப்பா பார்த்தது. பெப்ரவரி 24ஆம் திகதி ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்த அதே வேளையில் வியாசாட் நிறுவனத்தின் செய்மதி வலையமைப்பு தாக்கப்பட்டது. ஜேர்மனியின் எனர்கொன் நிறுவனம் செய்த 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து பார்க்க முடியாமற் போனது. இறக்கைகள் தம்பாட்டில் சுழன்றன. கவனிப்பவர்களுக்குத்தான் கண் தெரியவில்லை.

அந்தத் தாக்குதலில் யாரும் கப்பம் கேட்கவில்லை. உக்ரைனைக் குறிவைத்து எறிந்த கல் ஜேர்மனியின் காற்றாலையில் விழுந்தது, அவ்வளவுதான். சில வாரம் கழித்து, ஏப்ரலில், காற்றாலைகளைப் பராமரிக்கும் டொய்ச்ச வின்ட்டெக்னிக் என்ற ஜேர்மன் நிறுவனம் தாக்கப்பட்டது. முன்னெச்சரிக்கையாக அது தன் பொறுப்பிலிருந்த ஏறத்தாழ 2,000 காற்றாலைகளின் தொலை இணைப்பைத் தானே துண்டித்துக்கொண்டது. ஓரிரு நாளில் மீண்டும் இணைத்தது.

கற்பிட்டித் தீபகற்பத்தில் வலையமைப்பில் இருப்பவை காற்றாலைகள் மட்டுமா? மீனவர் சங்கம், பாடசாலை, பள்ளிவாசல் நிர்வாகம், தேவாலயச் சபை, மரண உதவிச் சங்கம், வீதியோரத் தொடர்பகம் என்று எல்லாவற்றின் கணக்கும் இன்று ஏதோ ஒரு கணினியில் இருக்கிறது. ‘நம்மை யார் தேடி வந்து தாக்கப் போகிறார்கள்’ என்பதுதான் இவர்கள் அத்தனை பேரின் பாதுகாப்புக் கொள்கை.

அதே கொள்கையோடு இருந்த இன்னொரு பெரிய நிறுவனமும் உண்டு. அதன் பெயர் இலங்கை அரசாங்கம்.

பத்து வருடத்துக் கதவு

2007இல் லங்கா அரச கிளவுட் என்ற ஏற்பாடு தொடங்கியது. ஒவ்வொரு திணைக்களமும் தனித்தனியே கணினி வாங்கி மின்னஞ்சல் நடத்துவதை விட, எல்லோருக்கும் பொதுவாக ஓரிடத்தில் நடத்துவது சிக்கனம் என்பது எண்ணம். பொறுப்பு, தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்துடையது. ஐ.சி.டி.ஏ. என்றால்தான் பலருக்குத் தெரியும்.

‘கவ் டொட் எல்கே’ என்று முடியும் மின்னஞ்சல் முகவரிகளை இந்த ஏற்பாடு தாங்கியது. 2014இலிருந்து அங்கே ஓடிய மென்பொருள் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. கடிதங்களை வாங்கி, பிரித்து, உரியவர் பெட்டியில் போட்டு, காலமெல்லாம் சேமித்து வைப்பது அதன் வேலை.

அன்றைக்கு அது புதிது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. திருடர்கள் புதிய ஓட்டை ஒன்றைக் கண்டுபிடிக்கும்போதெல்லாம் செய்த நிறுவனம் அதை அடைத்துத் தர வேண்டும். ஒரு கட்டத்தில், ‘இனி இதற்குத் திருத்தம் தர மாட்டோம், புதியதை வாங்குங்கள்’ என்று கையைக் கழுவிவிடும். எக்ஸ்சேஞ்ச் 2013க்கு அந்த நாள் 2023 ஏப்ரல் 11.

அந்தத் திகதி எங்கும் ஒளித்து வைக்கப்படவில்லை. பல வருடம் முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்குள் மாறிக்கொள்ள இலங்கைக்குக் காலம் இருந்ததா?

இருந்தது. திட்டமும் இருந்தது.

2021: கதை திரும்பிய இடம்

2021 மார்ச் 2ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் ஓர் அவசர அறிவிப்பு வெளியிட்டது. எக்ஸ்சேஞ்சில் நான்கு ஓட்டைகள். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தினால் கடவுச்சொல் எதுவும் இல்லாமலே வெளியாள் ஒருவர் உள்ளே நுழைந்து, கணினியின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். 2013, 2016, 2019 ஆகிய மூன்று பதிப்புகளும் அதில் அடக்கம்.

திருத்தமும் அறிவிப்போடு வந்தது. ஆனால் அறிவிப்பு வந்த கணமே ஓட்டம் தொடங்கிவிட்டது. திருத்தம் போட நிர்வாகிகள் ஓடினார்கள். திருத்தம் போடாதவர்களைத் தேடித் திருடர்கள் ஓடினார்கள். இணையத்திலிருக்கும் ஒவ்வொரு எக்ஸ்சேஞ்ச் கணினியையும் தானியங்கி நிரல்கள் தட்டிப் பார்த்தன. கதவு திறந்ததா, உள்ளே ஒரு சிறு கோப்பைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயின. பிறகு வேண்டும்போது திரும்பி வருவதற்கான பின்வாசல் அது.

இதில் அடிபட்டவர்கள் யார்? ஒருசில பெரிய நிறுவனங்கள் இருந்தன. பெரும்பாலானவை சிறிய கடைகள், சிறு நகர சபைகள், சொந்தமாக ஒரு மின்னஞ்சல் கணினி வைத்து அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்காத அலுவலகங்கள். நிரல் பெயரைப் பார்த்துத் தட்டுவதில்லை. பதிப்பின் இலக்கத்தைப் பார்த்துத் தட்டுகிறது. ‘நம்மை யார் தேடி வருவார்’ என்ற கேள்வி அந்த மார்ச்சில் செல்லாக்காசானது.

இரண்டு வாரம் ஆகுமுன்பே அதே ஓட்டை வழியாக டியர்க்ரை என்ற கப்ப மென்பொருள் நுழையத் தொடங்கியது. ஏப்ரலில் அமெரிக்க எஃப்.பி.ஐ. நீதிமன்ற அனுமதி வாங்கி, நூற்றுக்கணக்கான தனியார் கணினிகளுக்குள் தானே புகுந்து பின்வாசல்களை அகற்றியது. உரிமையாளரிடம் முன்கூட்டிக் கேட்காமலே அதைச் செய்யும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

அதே 2021இல், கொழும்பில், எக்ஸ்சேஞ்சைப் புதிய பதிப்புக்கு மாற்றும் திட்டம் ஐ.சி.டி.ஏ.யின் மேசையில் இருந்தது.

திட்டம் நடக்கவில்லை. நிதித் தட்டுப்பாடும், பணிப்பாளர் சபையின் முந்தைய சில தீர்மானங்களும் காரணம் என்று பின்னாளில் விளக்கம் தரப்பட்டது.

இதை வாசித்துவிட்டு உச்சுக்கொட்டுவது எளிது. அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2022 மார்ச் வரை 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. டொலரில் விலை சொல்லும் உரிமம் எதுவும் ஏறக்குறைய இரு மடங்கானது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. பெற்றோலுக்கும் காஸுக்கும் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். மருந்துக்குக் காசில்லாத நாட்டில் மின்னஞ்சல் மென்பொருளைப் புதுப்பிக்கக் காசு கேட்டு யார் எழுந்து நிற்பார்?

ஒவ்வொரு முறை தள்ளிப்போட்டபோதும் அதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஆபத்து அங்கேதான் இருந்தது. பொறுப்பற்ற ஒருவர் செய்த ஒரு பெரிய தவறு என்றால் யாராவது கையைப் பிடித்திருப்பார்கள். நியாயமான காரணத்தோடு வரும் ஒத்திவைப்பை யாரும் தடுப்பதில்லை.

2023 ஏப்ரல் 11 வந்தது. போனது. எக்ஸ்சேஞ்ச் 2013 தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

சொடுக்கு

மே மாதம் பிறந்தால் கற்பிட்டிக் கரையில் சோளகம் எழும். கடல் கொந்தளிக்கும், கரைவலைக்காரர் பலர் வாடியைப் பிரித்துக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போவார்கள். காற்றாலைகளுக்கு அதுதான் அறுவடைக் காலம். செப்ரெம்பர் வரை இறக்கைகள் ஓயமாட்டா.

அந்த ஆண்டு சோளகத்தின்போது அரச அலுவலகங்களில் வேலைக்குக் குறைவில்லை. ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஜூலை 1இல் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. சுதந்திரத்துக்குப் பின் நாடு எடுத்த மிகக் கடினமான பொருளாதார முடிவுகள் அந்த வாரங்களில்தான் எழுதப்பட்டன.

அதே கோடையில், ‘கவ் டொட் எல்கே’ முகவரி வைத்திருந்தவர்களுக்குச் சந்தேகத்துக்குரிய இணைப்புகள் மின்னஞ்சலில் வரத் தொடங்கின. ஒன்றிரண்டு நாள் அல்ல. தாக்குதலுக்கு முந்திய சில வாரங்களாகவே வந்துகொண்டிருந்தன. யாரோ ஒருவர் அவற்றில் ஒன்றைச் சொடுக்கியிருக்கலாம் என்பதே பின்னர் ஐ.சி.டி.ஏ. சொன்ன கருத்து.

சொடுக்கியவர் யார் என்று தேடுவதில் பயனில்லை. ஏறத்தாழ 5,000 பேர் பயன்படுத்தும் ஓர் அமைப்பில், யாராவது ஒருவர், ஏதாவது ஒரு களைத்த பிற்பகலில், சொடுக்கத்தான் செய்வார். அதைத் தாங்கிக்கொள்ளும்படி அமைப்பு இருந்ததா என்பதுதான் கேள்வி.

இத்தகைய தாக்குதல்கள் பொதுவாக நடக்கும் முறையை முந்தைய வாரங்களில் பார்த்தோம். சொடுக்கியவுடன் எதுவும் நடக்காது. திரை மாறாது; கணினி மெதுவாகாது. உள்ளே வந்தவர் ஓசையில்லாமல் சுற்றிப் பார்ப்பார். எந்தக் கணக்குக்கு அதிகாரம் அதிகம், அதன் கடவுச்சொல் எங்கே கிடைக்கும், பேக்கப் எங்கே இருக்கிறது என்று.

கடைசிக் கேள்விக்குத்தான் அவர் அதிக நேரம் செலவழிப்பார். பேக்கப் கையிலிருக்கும் நிறுவனம் கப்பம் கட்டாது. ஆகவே முதலில் அதை அழிப்பார், அல்லது பூட்டுவார். வலையமைப்பில் எட்டக்கூடிய இடத்தில் இருக்கும் எந்த நகலும் அவர் கைக்கு எட்டிய நகல்தான். அதன் பிறகே மற்றக் கோப்புகளைத் தொடுவார்.

நாளையும் அவரே தேர்ந்தெடுப்பார். வார இறுதியும் விடுமுறையும் அவருக்குப் பிடித்தவை. 2021இல் கசேயா நிறுவனத்தின் மென்பொருள் வழியாக நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் ஒரே நேரத்தில் பூட்டப்பட்டது, அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை.

2023 ஓகஸ்ட் 26, சனிக்கிழமை.

12 மணித்தியாலம்

அன்று லங்கா அரச கிளவுட் பூட்டப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, ‘கவ் டொட் எல்கே’ முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன.

இனிச் சொல்வதைக் கவனித்து வாசியுங்கள். 12 மணித்தியாலத்துக்குள் அமைப்பு மீண்டும் எழுந்து நின்றது. மின்னஞ்சல் போனது, வந்தது. அந்த அளவில் பார்த்தால் இது தோல்விக் கதையே அல்ல. பல செல்வந்த நாடுகளின் மருத்துவமனைகளும் நகர சபைகளும் இதே நிலையில் வாரக்கணக்கில் பேனையும் கடதாசியுமாக இருந்திருக்கின்றன.

பழைய கடிதங்களைத் தேடியபோதுதான் குழி தெரிந்தது.

மே 17 வரை எல்லாம் இருந்தன. ஓகஸ்ட் 26க்குப் பிறகு வந்தவையும் இருந்தன. இடைப்பட்ட 101 நாள் இல்லை. வலையமைப்போடு சேராமல் தனியே எடுத்து வைக்கப்பட்ட நகல் அந்தக் காலத்துக்கு இல்லை.

சோளகம் வீசிய அத்தனை நாளும் போய்விட்டன.

செப்ரெம்பர் இரண்டாம் வாரத்தில் செய்தி வெளியே வந்தது. கணினி அவசரநிலைகளைக் கையாளும் ‘சேர்ட்’ என்ற அரச நிறுவனம் இழந்த தரவை மீட்க உதவிக்கு வந்தது. 2006இலிருந்து இயங்கும் நிறுவனம் அது. ஒவ்வொரு நாளும் தனியே ஒரு நகல் எடுத்து வைக்கும் முறையைத் தொடங்குவதாகவும், மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதாகவும் ஐ.சி.டி.ஏ. அறிவித்தது.

இரண்டு வேலைகள். இரண்டுமே 2021இல் செய்யக்கூடியவை. தாக்குதலுக்குப் பிறகுதான் அவற்றுக்குத் தீர்மானம் கிடைத்தது.

சட்டத்தில் குறை இருந்ததா? கணினிக் குற்றங்கள் சட்டம் 2007இலேயே வந்துவிட்டது. இணையக் குற்றங்களுக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கையில் தெற்காசியாவிலேயே முதலில் சேர்ந்த நாடு இலங்கை, 2015இல். தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. குற்றம் நடந்த பிறகு என்ன செய்வது என்று எழுதி வைத்திருந்தோம். சனிக்கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை யார் எந்தத் தட்டைக் கழற்றி எந்த அலுமாரியில் வைப்பது என்பது சட்டத்தில் எழுதும் விஷயமல்ல.

மூன்று பிரதிகள்

இதில் விசித்திரம் என்னவென்றால், தனியே நகல் வைக்கும் பழக்கம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல.

காணி வாங்கியவர்களைக் கேளுங்கள். நொத்தாரிசு உறுதி எழுதும்போது மூன்று பிரதிகள் உருவாகின்றன. மூலம் வாங்கியவர் கைக்குப் போகும். ஒன்று நொத்தாரிசின் கோவையில் இருக்கும். மற்றொன்றை அவர் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும். வீட்டில் தீப்பிடித்தாலும் பதிவகத்துப் பிரதி எரியாது. மூன்றையும் ஒருவரே ஒரே இரவில் திருத்த முடியாது.

கற்பிட்டித் தீபகற்பத்தில் இதன் பெறுமதியை அனுபவத்தில் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தார்கள். உறுதிகளை எடுக்கக்கூட அவகாசம் இல்லாமல் வந்தவர்கள் பலர். மூலம் போனாலும் பதிவகத்துப் பிரதியைத் தேடிப் போக ஒரு வழி இருந்தது. போரில் பதிவேடுகளே அழிந்த இடங்களில் அந்த வழியும் இருக்கவில்லை. பிரதி இருந்தால் மட்டும் போதாது. ஒரே அடியில் மூலத்தோடு சேர்ந்து அழியாத தூரத்தில் இருக்க வேண்டும்.

கணினித் துறையில் இதற்கு 3–2–1 என்று ஒரு விதி சொல்வார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறிடத்தில். அதைப் பரப்பியவர் பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். தன் படங்களைக் காப்பாற்ற வகுத்துக்கொண்ட வழி. நம் நொத்தாரிசுமார் பிரித்தானியர் காலத்திலிருந்தே அதைச் செய்துவருகிறார்கள்.

சங்கத்தின் கணினி

இப்போது மாம்புரி அளவிலான ஒரு சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம்.

ஏதோ ஒரு திட்டத்தில் கிடைத்த கணினி ஒன்று. அதில் அங்கத்தவர் பட்டியல், கடன் கணக்கு, படகுப் பதிவு, மானிய விண்ணப்பங்கள். விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியதல்ல. ரவுணில் திருத்துபவர் போட்டுத் தந்தது. கணக்கு மென்பொருளும் அப்படித்தான். ஜிமெயில் கடவுச்சொல் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் தெரியும். பேக்கப் ஒரு பென்டிரைவில் இருக்கிறது. அந்தப் பென்டிரைவ் எப்போதும் கணினியிலேயே செருகியிருக்கிறது.

கோடி டொலர் கேட்கும் கும்பல் இந்தச் சங்கத்தைத் தேடி வராது என்பது உண்மை. இவர்களுக்கென்றே வேறொரு வகை உண்டு. ‘ஸ்டொப்’ என்ற கப்ப மென்பொருள், களவாகப் பகிரப்படும் மென்பொருள்களுக்குள் ஒளிந்து வரும். பல ஆண்டுகளாக அது கேட்டுவந்த தொகை 980 டொலர். 72 மணித்தியாலத்துக்குள் கட்டினால் பாதி, 490. சின்ன இடத்துக்குச் சின்ன விலை. இலவசமாகக் கிடைத்த மென்பொருளின் உண்மையான விலையும் அதுவே.

செருகியிருந்த பென்டிரைவும் சேர்ந்தே பூட்டப்படும். சங்கத்துக்கும் அரச கிளவுடுக்கும் இந்த இடத்தில் வேறுபாடு கிடையாது.

தற்காப்பு எவ்வளவு செலவு? இரண்டு வெளித் தட்டுகள் வாங்கலாம். ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றொன்று. நகல் எடுத்து முடிந்ததும் கழற்றி, ஒன்றைப் பொருளாளர் வீட்டில் வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கொரு முறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்க்க வேண்டும். திறக்காத நகலை வைத்திருந்து பயனில்லை. மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல்லோடு தொலைபேசிக்கு வரும் இரண்டாவது உறுதிப்பாட்டையும் போட்டுவிட்டால், கணக்கைப் பறிக்கும் முயற்சிகளில் 99.9 சதவீதத்துக்கு மேல் அதிலேயே நின்றுவிடும் என்று மைக்ரோசொஃப்ட் 2019இல் கணக்குச் சொன்னது. அந்த இரண்டாவது பூட்டு இலவசம்.

அன்றாட வேலைக்கு அதிகாரம் குறைந்த கணக்கைப் பயன்படுத்துவதும் இலவசம். சந்தேகமான இணைப்பு வந்தால் செயலாளரிடம் சொல்லலாம், சொன்னதற்காக யாரும் ஏசமாட்டார்கள் என்ற நிலையை உண்டாக்குவதும் இலவசம். சொடுக்கிவிட்டுப் பயத்தில் மறைப்பவரால்தான் திருடனுக்கு நாட்கள் கிடைக்கின்றன.

ஆனால் எல்லாமே இலவசமல்ல. 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழக்கமான திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. திட்டங்களில் கிடைத்த பழைய கணினிகள் பல விண்டோஸ் 11ஐத் தாங்கா. புதிது வாங்க வேண்டும், அல்லது திருத்தத்தை நீட்டித்துத் தரும் ஏற்பாட்டில் சேர வேண்டும், அல்லது லினக்ஸுக்கு மாற வேண்டும். கூட்டத்தில் இந்த விஷயம் வரும். ‘கணினி நன்றாகத்தானே வேலை செய்கிறது, அடுத்த வருடம் பார்ப்போம்’ என்று ஒருவர் சொல்வார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கும். சங்கத்தில் காசு உண்மையிலேயே இல்லாமலிருக்கும்.

2021இல் கொழும்பில் நடந்ததும் இதே கூட்டம்தான். மேசை மட்டும் பெரியது.

கப்ப மென்பொருளின் வரலாற்றை எழுதுபவர்கள் தாக்குதல் நடந்த நாளையே குறித்து வைக்கிறார்கள்: 2017 மே 12, 2023 ஓகஸ்ட் 26. அந்த நாட்களில் முடிவானது எதுவும் இல்லை. திருத்தத்தை ஒத்திவைத்த நாளிலும், தட்டைக் கழற்றாமல் வீட்டுக்குப் போன நாளிலுமே முடிவாகிவிட்டது. அந்தத் திகதிகளை யாரும் எழுதி வைப்பதில்லை.

ஒரே வழி

இத்தனையும் தவறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திரையில் கப்பக் கடிதம். தனியே வைத்த நகல் இல்லை.

முதலில் செய்ய வேண்டியது, இணைய வயரைக் கழற்றுவது. அடுத்தது ‘சேர்ட்’டுக்குச் சொல்வது. அதற்கும் அடுத்தது, ‘நோ மோர் ரான்சம்’ என்ற ஏற்பாட்டில் நம் கோப்புகளுக்கு இலவசச் சாவி இருக்கிறதா என்று பார்ப்பது. நெதர்லாந்துப் பொலிசும் யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016இல் தொடங்கியது அது. ‘ஸ்டொப்’பின் பழைய வகைகள் பலவற்றுக்கு அங்கே விடை கிடைத்திருக்கிறது.

அங்கும் இல்லையென்றால்? எதிரே ஒரே ஒரு வழி. கேட்டதைக் கட்டுவது.

கட்டினால் கிடைக்குமா? இந்தக் கேள்விக்கு மிகப் பெரிய அளவில் விடை தேடியவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

2021 மே 7, அதிகாலை. இலங்கையில் எக்ஸ்சேஞ்ச் மாற்றத் திட்டம் மேசையில் இருந்த அதே ஆண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குக் குழாய் வழியே எரிபொருள் கொண்டுபோகும் கொலோனியல் நிறுவனத்தின் கணினி ஒன்றில் கப்பக் கடிதம் வந்தது. உள்ளே வந்தவர்கள் நுழைந்த வழி, யாரும் பயன்படுத்தாமல் விட்டிருந்த ஒரு பழைய கணக்கு. அதற்கு இரண்டாவது பூட்டு இருக்கவில்லை. நிறுவனம் குழாய்த் தொடரை நிறுத்தியது. பெற்றோல் நிலையங்களில் வரிசை நின்றது.

நிறுவனம் கப்பம் கட்டியது. 75 பிட்கொயின், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 44 இலட்சம் டொலர். திருடர்கள் சொன்ன சொல் தவறவில்லை, சாவியை அனுப்பினார்கள்.

சாவி வேலை செய்தது. ஆனால் அது அவ்வளவு மெதுவாக இருந்ததால் பொறியாளர்கள் தங்களிடம் ஏற்கெனவே இருந்த பேக்கப்பிலிருந்தே அமைப்பை எழுப்பத் தொடங்கினார்கள்.

அப்படியானால், நகல் கையில் இருந்த நிறுவனம் எதற்காகப் பணம் கட்டியது?

(தொடரும்)